ஓதம் ஏறாத வீடு

ஒச்சம்மாள் துடைத்த இடம் அவள் துணியை எடுப்பதற்குள் காய்ந்துவிட்டது.

புது வீட்டுக் கூடத்தில் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தவள், துணியை வாளியில் முக்கிப் பிழியாமலே தரையில் இழுத்துப் பார்த்தாள். மொசைக் கல்லின் மேல் ஈரம் ஒரு கோடாக மின்னியது. கோட்டின் பின்முனை முன்முனையைத் துரத்திக்கொண்டு வந்து, எட்டிப் பிடித்து, இல்லாமல் போனது. மறுபடியும் இழுத்தாள், மறுபடியும் அதேதான். கடைசியில் வாளியைச் சாய்த்துக் கொஞ்சம் தண்ணீரை நேராகவே கொட்டினாள். அது ஓடவும் இல்லை, பரவவும் இல்லை. விழுந்த இடத்திலேயே சுருங்கி, கல் இடுக்கு வழியாக உள்ளே போய்விட்டது. சித்திரை வெயில் கொளுத்துகிறது என்று வைத்துக்கொண்டாலும், வெயிலில் தண்ணீர் மேலேதான் போகும்.

"மொதலாளி, இந்தத் தரையில தண்ணி நிக்க மாட்டேங்குது. துணிய எடுக்குறதுக்குள்ள குடிச்சிருது," என்றாள்.

லிங்கசாமி செய்தித்தாளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. உசிலம்பட்டிப் பக்கமிருந்து பிழைக்க வந்தவள் மொசைக் தரையை இதற்கு முன்பு சினிமாவில்தான் பார்த்திருப்பாள், அவளுக்கு எல்லாமே அதிசயம்தான் என்று நினைத்துக்கொண்டான். பெருமையாகவும் இருந்தது. திருப்பூரை ஒட்டிய அருள்புரத்தைச் சுற்றி எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் சுவரில் முழங்கால் உயரத்துக்கு ஓதம் ஏறியிருக்கும். சாயத்தண்ணீர் நிலத்துக்குள் இறங்கி, உப்பாகச் சுவரில் பூத்து, சுண்ணாம்பை அப்பளம் அப்பளமாக உரித்துப் போடும். சில வீடுகளில் அந்த உப்புக்கு நிறம்கூட உண்டு. இந்த மாதம் வெளிநாட்டுக்குப் போன பனியன் சிவப்பா நீலமா என்று சுவரைப் பார்த்தே சொல்லிவிடலாம். லட்சாதிபதிகள் எல்லாம் அந்த உப்புச் சுவருக்கு மேலே காலண்டரை மாட்டி மறைத்துக்கொண்டு வாழ்ந்தார்கள். லிங்கசாமியின் வீட்டில் மட்டும் சுவர் மாப்பிள்ளைச் சட்டை மாதிரி இருந்தது. அதற்குக் காரணம் தரைக்கு அடியில் இருந்தது, அதை அவன் யாருக்கும் சொல்லவில்லை.

அவன் செய்தது காண்ட்ராக்ட் தொழில். சாயப்பட்டறைக்காரர்கள் கழிவுச் சேற்றை ஆற்றில் விட்டுக்கொண்டு சௌகரியமாக இருந்த காலம் போய், கோர்ட்டும் கேஸும் என்று கழுத்துக்கு வந்தபோது, ஒரு சங்கமாகச் சேர்ந்து முதலிபாளையத்துக்கு அந்தப் பக்கம் கல் உடைத்து முடித்துக் கைவிட்ட பாறைக்குழி ஒன்றை வாங்கினார்கள். சேற்றை அதில் கொட்டிக்கொள்ளலாம், ஆனால் அது நிலத்துக்குள் இறங்கக் கூடாது என்று நிபந்தனை. குழிக்கு உள்பாவாடை கட்டுகிற வேலை லிங்கசாமியிடம் வந்தது. அந்தச் சங்கத்துக்குத் தலைவர் சென்னியப்பன், வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கார். அவர் பட்டறையிலிருந்து வருகிற தண்ணீர் மட்டும்தான் கறுப்பு.

மெட்ராஸ் கம்பெனி லாரியில் சரக்கை அனுப்பியது. பார்த்தால் ஒன்றுமில்லை, ஆளுயரத்துக்கு மேல் அகலமான பாய்ச் சுருள்கள். இரண்டு முரட்டுத் துணிகளுக்கு நடுவே காய்ந்த களிமண் தூளைப் பரப்பி, ஊசியால் குத்திக் குத்திக் கோத்தது. கூடவே கண்ணாடி போட்ட ஓர் எஞ்சினியரும் வந்தார். தங்கச் சுரங்கத்திலும் செப்புச் சுரங்கத்திலும் கல்லை அரைத்துக் கழுவிய விஷத் தண்ணீரை இந்தப் பாயை விரித்துத்தான் அடக்கி வைக்கிறார்கள் என்றார். ஒரு துண்டை வெட்டித் தட்டில் வைத்து, நடுவில் ஆணியை அடித்து, தண்ணீர் ஊற்றிக் காட்டினார். முதலில் சொட்டியது. பிறகு களிமண் ஊறிப் பருத்து, ஆணியைச் சுற்றி இறுகி, சொட்டு நின்றது. எஞ்சினியர் ஆணியைப் பிடுங்கச் சொன்னார். லிங்கசாமி இழுத்துப் பார்த்தான், வரவில்லை. தெருவில் வித்தை காட்டுகிறவன் இதைவிடப் பிரமாதமாகச் செய்வான் என்று தோன்றியது.

எஞ்சினியருக்குச் சட்டம் பேச ரொம்பப் பிடிக்கும். பாய் நனையாமல் இருக்க வேண்டும், விரித்த அன்றைக்கே மேலே நல்ல மண் போட்டு மூட வேண்டும், ஒரு பாயின் ஓரத்தை இன்னொன்றின் மேல் ஒரு முழம் ஏற்றிப் போட்டு நடுவே களிமண் பவுடர் தூவ வேண்டும், பிறகு மண் வழியாகச் சீராக ஈரம் காட்ட வேண்டும். எல்லாவற்றையும் சொல்லிவிட்டுக் கடைசியாக ஒன்று சொன்னார்.

"இது சாதாரணக் களிமண் இல்ல சார். மூடி வெச்சுட்டு, தண்ணி காட்டாம மட்டும் விட்றாதீங்க. எங்க ஈரம் இருக்கோ அங்கேர்ந்து இழுத்துக்கும்."

சரிங்க சரிங்க என்று லிங்கசாமி தலையாட்டினான். வேலை அடுத்த மாதம்தான் ஆரம்பிக்கும் என்று சொல்லி அவரை ரயில் ஏற்றிவிட்டு, மறுநாளே ஆரம்பித்தான். துணியைப் பற்றித் திருப்பூர்க்காரனுக்கு மெட்ராஸ்காரன் பாடம் எடுப்பதா? ஓரத்தில் ஒரு முழத்தை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டு வீணாக்கு என்கிறானே, அவன் ஒரு நாள் கட்டிங் மேஜையில் நின்றிருப்பானா? நாலு டெய்லர்களையும் சாக்குத் தைக்கும் கை மெஷின்களையும் ஒரு ஜெனரேட்டரையும் குழிக்குள் இறக்கினான். ஓரத்தோடு ஓரம் சேர்த்து, பனியனுக்குத் தோள்பட்டை மூட்டுகிற மாதிரி இரட்டைத் தையல். பாறைக்குழி முழுக்க ஒரே துணியாக, ஒரு சுருக்கம் இல்லாமல் விழுந்தது. சென்னியப்பன் கூட்டாளிகளோடு வந்து பார்த்தார். யாரும் மேல்மண் எங்கே என்று கேட்கவில்லை, பவுடர் எங்கே என்று கேட்கவில்லை. சாம்பிள் பீஸைப் பார்க்கிற பழக்கத்தில் குனிந்து, தையல் மேல் விரலை ஓட்டிப் பார்த்து, தையல் சுத்தமாக இருக்கிறது என்று மெச்சிக்கொண்டார்கள். ஊரே தையல் ஓடுகிற நேர்த்தியைப் பார்த்துப் பிழைக்கிற ஊர், அதற்கு மேல் அவர்களிடம் என்ன எதிர்பார்க்க முடியும்.

மிச்சமான சுருள்கள் லிங்கசாமியின் புது வீட்டுக்கு வந்தன. கூடம், சமையலறை, படுக்கையறை மூன்றிலும் விரித்தான். கொத்தனார் காங்கிரீட் போடும் முன் பாயை நனைக்கவா என்று கேட்டபோது கத்தினான். ஈரமே வேண்டாம் என்றுதானே இத்தனை பாடு? காங்கிரீட்டின் ஈரம்கூடப் படக் கூடாது என்று பாய்க்கு மேலேயும் கீழேயும் கனத்த பிளாஸ்டிக் தாளைப் போட்டு, மேலே தளம் போட்டு, மொசைக் பதித்தான். அந்தக் களிமண் ஒரு சொட்டுத் தண்ணீரைக்கூடப் பார்க்காமல் உள்ளே போனது.

புது வீடு குடிபோகும் புண்ணியார்ச்சனை தடபுடலாக நடந்தது. வயிற்றுப்பிள்ளைக்காரியை வைத்துக்கொண்டு புது வீட்டுக்குப் போகாதீர்கள் என்று குன்னத்தூரிலிருந்து மாமியார் சொல்லி அனுப்பியிருந்தாள். சாணி மெழுகிய வீட்டில் இருப்பவள் தன் மகள் மொசைக் வீட்டுக்குப் போவதைப் பொறுக்க முடியாமல் சொல்கிறாள் என்று அவன் எடுத்துக்கொண்டான். பால் பொங்கித் தரையில் வழிந்தது. எல்லோரும் கைகூப்பிக் கும்பிட்டு நிமிர்ந்தபோது தரையில் பால் இல்லை. பூமாதேவி ஏற்றுக்கொண்டாள் என்று ஐயர் சமாளித்தார், தட்சிணையும் கூடுதலாகக் கிடைத்தது.

உலகத்தில் லிங்கசாமி மட்டமாக நினைக்காத ஒன்றே ஒன்று இருந்ததென்றால் அது அவன் மனைவி கண்ணம்மாளின் வயிற்றில் இருந்தது. கல்யாணமாகி நெடுங்காலம் கோயில் கோயிலாக, ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்து, இரண்டு முறை உண்டாகி நிற்காமல் போய், இனி இல்லை என்று உறவெல்லாம் கைவிட்ட பிறகு வந்தது. அவள் நடக்கும்போது அவன் பின்னாலேயே பார்த்துக்கொண்டிருப்பான். யாரும் கவனிக்காதபோது, கல்லைக்கூடக் கும்பிடாதவன், அந்தப் பிள்ளை நல்லபடியாகப் பிறக்க வேண்டும் என்று வாய்க்குள் முணுமுணுப்பான். அது இல்லாவிட்டால் இந்த வீடும் வேண்டாம், தொழிலும் வேண்டாம் என்பது அவனுக்கு நன்றாகத் தெரியும்.

சமையலறையில் தரையில் மணல் பரப்பி வைத்திருந்த மண்பானை விடியும்போது காலியாக இருந்தது. ஒச்சம்மாள் குடத்தில் மொண்டு கொண்டுபோகிறாள் என்று சத்தம் போட்டான். அவள் அழுதாள். பானையை முக்காலியின் மேல் தூக்கி வைத்தபோது தண்ணீர் அப்படியே இருந்தது. அதை அவன் பார்த்தான், ஆனால் யோசிக்கவில்லை. கட்டிலுக்கு அடியில் ஒரு பல்லி கிடந்தது, வெங்காயச் சருகு மாதிரி, ஊதினால் நகர்ந்தது. துவைத்த துணியைக் கூடையோடு தரையில் வைத்துவிட்டு மொட்டைமாடியில் கட்டக் கயிற்றைத் தேடிப் போனால், திரும்பி வருவதற்குள் அடித்துணி மொடமொடவென்று ஆகியிருந்தது. வீட்டுக்குள் ஒரு வாசனை இருந்தது. ஊரெல்லாம் பிளீச்சிங் நெடியும் அழுகின முட்டை நாற்றமும் அடிக்கும்போது இந்த வீட்டுக்குள் மட்டும் சூளையிலிருந்து அப்போதுதான் எடுத்த சட்டியின் வாசனை.

கண்ணம்மாளுக்கு அந்தத் தரை ரொம்பப் பிடித்துப்போனது. கட்டிலில் மெத்தை சுடுகிறது என்று மத்தியானமெல்லாம் வெறும் தரையில் ஒருக்களித்துப் படுத்துக்கொண்டாள். பானைத் தண்ணீர் மாதிரி சில்லென்று இருக்கிறது என்று சொன்னாள். எழுந்ததும் சொம்பு சொம்பாகக் குடித்தாள். குடித்துவிட்டு மறுபடியும் படுத்தாள். அவள் உதடு வெடித்து, பேசும்போது ரத்தம் கோத்தது. அவள் படுத்து எழுந்த இடத்தில் வேர்வை இருக்க வேண்டுமே, இல்லை. ஒச்சம்மாளின் குதிகாலில் பித்தவெடிப்பு பிளந்து சதை தெரிந்தது. ஒரு நாள் அவள் செருப்போடு வீட்டுக்குள் வந்தாள், அதற்கு அவன் திட்டினான். அடுத்த நாளிலிருந்து அவள் வரவே இல்லை.

பல்லடம் ரோட்டு ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு நெற்றியைச் சுருக்கினார். பனிக்குடத்தில் தண்ணீர் குறைந்திருக்கிறது, பிள்ளை புரளவே இடமில்லாமல் இருக்கிறது என்றார். எங்கேயாவது ஒழுகியதா என்று துருவித் துருவிக் கேட்டார். இல்லை என்றாள் கண்ணம்மாள். சேலை நனைந்ததா? இல்லை. நிறையத் தண்ணீர் குடிக்கிறாளா? குடித்துக்கொண்டே இருக்கிறாள்.

"அப்புறம் அது எங்கதாம்மா போச்சு?" என்றார் டாக்டரம்மா. கேட்டது கண்ணம்மாளிடம்தான். ஆனால் லிங்கசாமி குனிந்து ஆஸ்பத்திரித் தரையைப் பார்த்தான்.

இந்த டாக்டர்களுக்கே எதையாவது சொல்லிப் பயமுறுத்தாவிட்டால் சோறு இறங்காது என்று வழியெல்லாம் திட்டிக்கொண்டு வந்தான். திட்டத் திட்டக் கொஞ்சம் தைரியமாக இருந்தது. வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது கண்ணம்மாள் கேட்டாள்.

"ஏனுங்க, நானு கொஞ்ச நாளைக்கு எங்கம்மா ஊட்டுல போயி இருந்துட்டு வரட்டுங்களா?"

"அந்தச் சாணி மொழுகுன ஊட்டுல என்ன இருக்குதுன்னு போறே? பூரான் புடிச்சு வெளையாடறதுக்கா?" என்றான்.

அவள் சிரித்துவிட்டு உள்ளே போனாள். புது வீடு கட்டி, பெண்டாட்டியை ஓதமேறின ஓட்டு வீட்டுக்குப் பிரசவத்துக்கு அனுப்பினான் என்று நாலு பேர் சிரிப்பார்களே என்பதுதான் அவனுக்குப் பெரிதாக இருந்தது.

அன்று மத்தியானம் அவள் தரையில் தூங்கிக்கொண்டிருந்தபோது அவனும் பக்கத்தில் படுத்துப் பார்த்தான். வெளியே வெயில். தெருக்கோடியில் ஏதோ கம்பெனியில் நிட்டிங் மெஷின்கள் இரைந்துகொண்டிருந்தன. மின்விசிறி கடக் கடக்கென்று சுற்றியது. தரை சில்லென்றுதான் இருந்தது. காதை வைத்தான். முதலில் மெஷின் சத்தம்தான் கல் வழியாக வருகிறது என்று நினைத்தான். இல்லை. அதற்கு அடியில் இன்னொன்று இருந்தது. மெதுவாக, நிதானமாக, அவசரமே இல்லாமல், மடி வற்றிய பிறகும் காம்பை விடாத கன்றுக்குட்டியின் சத்தம். விட்டு விட்டு வந்தது. கண்ணம்மாள் படுத்திருந்த பக்கமிருந்துதான் வந்தது. எழ முயன்றபோது கன்னம் கல்லோடு ஒட்டிக்கொண்டிருந்தது. பிய்த்துக்கொண்டு எழுந்து கண்ணாடியில் பார்த்தால், கல்லில் பட்டிருந்த பாதி முகம் கிழவனுடையது மாதிரி சுருங்கியிருந்தது.

அன்றிலிருந்து அவளைக் கட்டிலில்தான் படுக்க வேண்டும் என்றான். காரணம் கேட்டாள். காரணம் சொல்ல அவனுக்கு வெட்கமாக இருந்தது. களிமண்ணுக்குப் பயப்படுகிறேன் என்று எந்த ஆண்பிள்ளை சொல்வான்? அடுத்த ஸ்கேனில் தண்ணீர் இன்னும் குறைந்திருந்தது. அவன் இல்லாதபோது அவள் கீழே இறங்கிப் படுத்துக்கொள்கிறாள் என்று அவனுக்குப் புரிந்தது. கேட்டதற்கு, தன்னையறியாமல் இறங்கிவிடுவதாகவும், படுத்தால் யாரோ மடியில் போட்டுத் தட்டுகிற மாதிரி தூக்கம் வருவதாகவும் சொன்னாள். மறுநாளே குன்னத்தூருக்குக் கொண்டுபோய் விட்டுவிடுவது என்று முடிவு செய்தான். நாலு பேர் சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும்.

ஆனால் காலையில் சென்னியப்பன் போன் செய்தார். பாறைக்குழியை வந்து பாருங்கள் என்று ஒரே உற்சாகம். இன்னொரு குழிக்கும் இதே மாதிரித் தைத்துக் கொடுக்க வேண்டுமாம், மற்ற சங்கத்து ஆட்களும் பார்க்க வருகிறார்களாம். போகாமல் இருந்திருக்கலாம். புகழ்கிறார்கள் என்றால் போகாமல் இருக்கிற ஆள் இல்லை லிங்கசாமி. மத்தியானத்துக்குள் வந்துவிடுவேன், துணிமணியை எடுத்து வை, கட்டிலைவிட்டு இறங்காதே என்று கண்ணம்மாளிடம் சொல்லிவிட்டு, புல்லட்டை எடுத்துக்கொண்டு போனான்.

குழியைச் சுற்றிச் சீமைக்கருவேல முள்தான் இருந்தது. எந்தப் பஞ்சத்துக்கும் வாடாத அந்த முள், குழியோரம் மட்டும் சாம்பல் நிறத்தில் நின்றது. தொட்டதும் உதிர்ந்தது. சென்னியப்பனும் இன்னும் சில வெள்ளை வேட்டிகளும் விளிம்பில் குடை பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

"பாருங்க மாப்ளே, இத்தன நாளா டேங்கர் டேங்கரா ஊத்தறோம், நெறையவே மாட்டேங்குது. உங்க தையல் தங்கமுங்க," என்றார் சென்னியப்பன்.

கீழே தண்ணீர் இல்லை. சேறும் இல்லை. ஊற்றியதெல்லாம் காய்ந்து, ஊதா, பச்சை, கறுப்பு என்று தகடு தகடாக உரிந்து கிடந்தது. அதற்கு நடுவே பாய் தெரிந்தது. விரித்தபோது பாய் விரல் தடிமன்தான். இப்போது மெத்தை மெத்தையாகப் பருத்து, தையல் கோடுகள் மட்டும் இழுத்துப் பிடித்துப் பள்ளமாக ஓடின. தகடுகளின் மேல் ஒரு கொக்கு நின்றது. அசையவில்லை. நின்றபடியே காய்ந்துபோயிருந்தது. அப்பால் ஒரு நாய், அதன் அருகே இன்னொன்று, ஏதோ ஆடு மாதிரி ஒன்று. எல்லாம் தட்டையாக, நாற்றமே இல்லாமல் கிடந்தன. அத்தனை பெரிய குழியிலிருந்து சட்டி வாசனை மட்டும்தான் வந்தது.

டேங்கர் ஒன்று பின்னால் வந்து குழாயைத் திறந்தது. சிவப்புத் தண்ணீர் விழுந்தது. விழுந்த சத்தமே கேட்கவில்லை. தண்ணீர் தரையைத் தொடுவதற்கு முன்பே அந்த இடத்துப் பாய் எழும்பி வந்தது. அது மட்டுமல்ல, தூரத்திலிருந்த பாயும் இழுபட்டது, மொத்தக் குழியும் ஒரே தசையாக அந்தக் குழாய்ப் பக்கம் நகர்ந்தது. தைத்துவிட்டதால் எல்லாம் ஒன்றாகியிருந்தது. வெள்ளை வேட்டிகள் கைதட்டினார்கள். அவர்களுக்கு நிறையாத குழி என்றால் அவ்வளவுதான். அது எதனால் நிறையவில்லை என்று கேட்கிற அளவுக்கு அந்தத் தலைகளுக்குள் இடமில்லை. தாங்களும் இத்தனை காலம் ஓர் ஆற்றையே குடித்துவிட்டு ஏப்பம்கூட விடாமல் நிற்பவர்கள்தானே.

இதற்குத் தினமும் ஊற்றுகிறார்கள். ஊற்றியும் இந்தப் பசி.

வீட்டில் இருப்பதற்கு ஒரு சொட்டுகூடக் காட்டவில்லை.

லிங்கசாமி புல்லட்டுக்கு ஓடினான். யாரோ கூப்பிட்டார்கள். வழியில் கிணற்றடியில் நல்லதண்ணீர் நிரப்பிக்கொண்டு கிளம்பிய டேங்கரை நிறுத்தி, எதையும் விளக்காமல், பின்னாலேயே வா என்று கத்தினான். வீடு முழுக்கத் தண்ணீரை விட்டு நிரப்பிவிட வேண்டும். குடித்துத் தொலையட்டும். வயிறு முட்டக் குடித்தால் விட்டுவிடும். அதற்குள் அவளைத் தூக்கிக்கொண்டு போய்விட வேண்டும். அவள் கட்டிலில் இருப்பாள். இறங்காதே என்று சொல்லியிருக்கிறேன். கட்டிலில்தான் இருப்பாள். காற்று நெருப்பாக முகத்தில் அடித்தது. எஞ்சினியரின் கண்ணாடியும், பிடுங்க வராத அந்த ஆணியும் மாறி மாறிக் கண்ணுக்கு முன்னால் வந்தன. எத்தனை பேரை எத்தனை கேவலமாக நினைத்தேன் என்று முதல்முறையாக அவனுக்குத் தன்மேலேயே அருவருப்பு வந்தது. வந்து என்ன செய்ய.

அருள்புரத்தில் கரண்ட் இல்லை. மெஷின்கள் எல்லாம் நின்றுபோய், தெருவே காது அடைத்த மாதிரி கிடந்தது. கதவு திறந்திருந்தது.

"கண்ணம்மா."

கூடத்தில் துணிப்பை கட்டி வைத்திருந்தது. காலி சொம்பு ஒன்று உருண்டு கிடந்தது.

"கண்ணம்மா."

"இங்கதானுங்க இருக்கறேன்."

குரல் தெளிவாக இருந்தது. அவனுக்கு உயிர் வந்தது. படுக்கையறை வாசலுக்குப் போனான்.

கட்டில் காலியாக இருந்தது. மின்விசிறி நின்றிருந்தது. ஜன்னல் வெயில் ஒரு பட்டையாகத் தரையில் விழுந்திருந்தது. அதில் அவள் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். முதுகு காட்டி. கை எதையோ அணைத்திருந்தது.

"மெதுவா வாங்க. சத்தம் போடாதீங்க."

சுற்றி வந்தான்.

சேலை அவள் வயிற்றின் மேல் தட்டையாகக் கிடந்தது. கல்யாணத்தன்று இருந்த மாதிரி. அதைவிடத் தட்டையாக. ரத்தம் இல்லை. எங்கேயும் ஈரம் இல்லை. ஒரு சொட்டுகூட இல்லை.

அவள் முன்னால் தரை எழும்பியிருந்தது. உருண்டையாக. நிறைமாதத்து வயிறு எவ்வளவு இருக்குமோ அவ்வளவு. மொசைக் கற்கள் இடுக்கு விட்டு விலகி, ஒவ்வொன்றும் ஒரு பக்கம் சாய்ந்திருந்தன. இடுக்கில் சாம்பல் நிறத்தில் ஏதோ தெரிந்தது. மினுமினுப்பாக. இழுத்துக் கட்டிய தோல் மாதிரி.

அவள் அதைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"எனக்கு இப்ப பாரமே இல்லீங்க," என்றாள். வெடித்த உதட்டில் சிரிப்பு. முகம் நாராக வற்றியிருந்தது. கண்கள் மட்டும் பளபளத்தன.

அவன் பக்கத்தில் மண்டியிட்டான். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியிருந்தது. அவள் அவன் கையை எடுத்தாள். காய்ந்த மட்டை மாதிரி இருந்தன அவள் விரல்கள். எடுத்து, அந்த மேட்டின் மேல் வைத்தாள்.

கல் சில்லென்று இல்லை. உடம்புச் சூடு.

"உள்ள எத்தன சௌகரியமா இருக்கறான் பாருங்க. ஊட்டுல தண்ணியே இல்லீங்க. தாகத்துல அழுகறான்."

வாசலில் டேங்கர் வந்து நின்ற சத்தம் கேட்டது. குழாயை இழுத்துக்கொண்டு வருகிற சத்தம். டேங்கர்க்காரன் கூடத்திலிருந்து கூப்பிட்டான்.

"மொதலாளி, தண்ணிய எங்கீங்க உடறது? தொறந்துரட்டுங்களா?"

லிங்கசாமியின் உள்ளங்கைக்குக் கீழே, கல்லுக்கு அடியிலிருந்து, சின்னதாக ஒரு கால் உதைத்தது.